பதினேழாம் கேள்வியும் படுவான்கரையும்

மட்டக்களப்புக்கு நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாளைச் சரிபார்க்கப் போனேன். மதுரையில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருடங்களாக உளவியல் நடத்துகிறேன். தனிமையை அளப்பதற்கான ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றைக் கொஞ்ச நாளைக்கு முன்பு தமிழில் பெயர்த்திருந்தேன். அங்கே வாவி என்கிற உப்பங்கழியின் கரையிலுள்ள ஊர்களில் வேலை செய்யும் ஒரு சிறு அமைப்பு அதைப் பயன்படுத்த விரும்பியது. ஊர் ஊராகப் போய் வயதானவர்களிடம் கேள்வி கேட்பார்கள். யாருக்குத் தனிமை மதிப்பெண் அதிகமோ அவர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஆள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரும். பேசப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் பட்டியலில் இடமும் கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமைக்குள் தாளை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அமைப்பின் பொறுப்பாளர் அம்மையார் தொலைபேசியில் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

திங்களிலிருந்து வெள்ளி வரை ஐந்து நாள். என் தமிழ் தமிழர்களுக்குப் புரியாமலா போய்விடும் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த ரயிலிலேயே அதில் முதல் கீறல் விழுந்தது. அண்மைக்கால உளவியல் ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. பயணத்தில் முன்பின் தெரியாதவரோடு பேசச் சொன்னால் மனிதர்கள் தயங்குகிறார்கள். சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். பேசி முடித்தபின் கேட்டால், நினைத்ததைவிட நன்றாக இருந்தது என்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லி, பஸ்ஸில் முயன்று பாருங்கள் என்று மாணவர்களை விரட்டுவேன். நான் ஒருநாளும் முயன்றதில்லை. இந்த ரயிலில் செய்தே தீர்வது என்று உறுதி செய்துகொண்டு தொண்டையைச் செருமினேன். அதற்குள் பக்கத்திலிருந்த அம்மா, "எங்க போறீங்க, ஆர் வீட்ட?" என்று ஆரம்பித்துவிட்டார். பொலன்னறுவை வருவதற்குள் என் சிறுநீரகக் கல் வரைக்கும் அவருக்குத் தெரிந்துவிட்டது. எதிரே ஒரு பெண் சிங்களத்தில் கணவனைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "ஜன்னலச் சாத்தாத, சாத்தினா உன்ட மடியிலதான் சத்தி எடுப்பன் எண்டு சொல்லுறா" என்று அந்த அம்மா எனக்கு மொழிபெயர்த்தார். சத்தி என்றால் வாந்தி என்பதை எதிரே இருந்த முகமே மொழிபெயர்த்தது. ஆய்வைச் சோதிக்க வழியே இல்லை. அதற்கு முதலில் தயங்குகிற ஆள் ஒருவர் வேண்டும்.

திங்கள் மத்தியானம் விடுதியில் சிவப்பரிசிச் சோறும் வாவி இறால் கறியும் கூனிச் சுண்டலும். கூனி என்பது கண்ணுக்கு அகப்படாத அளவு பொடி இறால். தேங்காய்ப் பூவோடு சுண்டியிருந்தார்கள். மதுரைக்காரிக்குக் கறியில் புளி போதவில்லை என்று சொல்ல வாய் வந்தது, இறாலைக் கடித்ததும் அடங்கியது. கடைசியில் வந்த எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழாது போலிருந்தது.

சாப்பிடும்போதே விஜிதா வந்துவிட்டாள். அமைப்பில் களவேலை செய்கிறவள், முப்பது வயதுக்குள் இருக்கும், சொந்த ஊர் பழுகாமம். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே என் தாளை முழுதும் வாசித்தாள்.

"வடிவா எழுதி இரிக்கிங்க அக்கா," என்றாள். "ஆனா எங்கட ஆக்கள் என்ன சொல்லுவாங்களெண்டு தெரியா."

என்ன சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டருக்கு ஏதோ கோளாறு, பஸ்ஸில் போனோம். காத்தான்குடியில் ஏறிய ஒரு பெண் துணிப்பொதியைப் பாதி என் மடியில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார். புடவை வியாபாரமாம். "மூணு குமரு எனக்கு. மூணு ஊடு கட்டணும். மூத்தவக்கு முடிஞ்சி, ரெண்டாவதுக்குக் கூரை போடணும்." மகன் இல்லையா என்றேன். "ரெண்டு பேர் இரிக்காங்க. அவங்களுக்கு எதுக்கு ஊடு?" என்று என்னை விசித்திரமாகப் பார்த்தார். ஆண்பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், தாங்களே கட்டிக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். காது திறந்திருந்தது, மண்டை திறக்கவில்லை.

வாவிக்குக் கிழக்கே, கடலோரமாய் இருப்பது எழுவான்கரை. மேற்கே, வயல்கள் பக்கம் படுவான்கரை. நடுவில் கடக்க ஒரு தட்டைப் படகு. அதைப் பாதை என்கிறார்கள். மோட்டார் சைக்கிள்கள், இரண்டு ஆடு, ஒரு தண்ணீர்த் தாங்கி, நாங்கள் எல்லோரும் அதில் நின்றுகொண்டே கடந்தோம். மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போலச் சுட்டது. வைகைப் பாலத்தை வருடத்தில் ஆயிரம் தடவை தாண்டியிருப்பேன், தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் நின்று எந்த ஆற்றையும் கடந்ததில்லை.

பழுகாமத்தில் ஒரு கடை வாசலில் ஐந்தாறு ஆண்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், வேளாண்மை செய்கிறவர்கள். ஒவ்வொருவராகத் தனியே வைத்துக் கேட்க வேண்டும், பதில் இரகசியம் என்று நான் விதிமுறை சொன்னேன். தலையாட்டிவிட்டு எல்லோரும் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவரைக் கேட்டால் மூன்று பேர் பதில் சொன்னார்கள். "ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் ஒரு எண் சொல்லுங்கய்யா" என்றால், "உங்களுக்கு எது வசதியோ அதப் போடுங்க" என்றார்கள்.

பதினாறு கேள்விகள் தடுமாறிக் கடந்தன. பதினேழாவது, 'நான் வாழும் வீடு என் வீடு என்ற உணர்வு எனக்கு இருக்கிறது' என்பது. இந்தத் தாளின் உயிர் அதில்தான். அதற்கு 'இல்லை' என்று விழுந்தால் தொடர்ந்து வரும் மூன்றும் அதே பக்கம் சாய்ந்து மதிப்பெண் எகிறிவிடும். மொழிபெயர்த்தபோது நான் ரசித்து ரசித்து எழுதிய வரியும் அதுதான். ஏனென்றால் எனக்கு அது தெரியும். மாமியார் வீட்டில் விளக்கேற்றப் போய் முப்பது வருடம் ஆகிறது. இன்னும் அந்த வீட்டு அலமாரியை என்னைக் கேட்காமல் மாற்றி அடுக்குவார்கள். அந்த வரியைப் படித்தால் எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அழுவார்கள்.

முதல் ஆள் சீனித்தம்பி, கட்டையான, சிரித்த முகக்காரர். கேள்வியைக் கேட்டதும், "என்ட வீடா? அது பொஞ்சாதிட வீடெல்லோ!" என்றார்.

"உங்க வீடுங்கற உணர்வு?"

"இல்ல."

அடுத்தவர், "இல்ல." அதற்கடுத்தவர், "எனக்கென்ன வீடு? கலியாணம் முடிச்சண்டு வந்தன், இரிக்கன்." சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே போனேன். ஒரு ஊர் முழுக்க இத்தனை ஆண்கள் தங்கள் வீட்டிலேயே அந்நியர்களாக இருக்கிறார்கள், அதைச் சிரித்துக்கொண்டு வேறு சொல்கிறார்கள் என்று பட்டது.

ஒரே ஒருவர்தான் வேறு மாதிரி. நாகமணி என்று பெயர். அயர்ன் பண்ணிய சட்டை போட்டு, மற்றவர்களைவிட இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். நேராக நிமிர்ந்து, "ஓம், என்ட வீடுதான். உறுதி என்ட பேர்ல இரிக்கி. அஞ்சு போடுங்க" என்றார். உறுதி என்பது வீட்டுப் பத்திரம். அடுத்த கேள்விகளுக்கும் அதே தோரணை. "நினைச்ச நேரம் போவன், நினைச்ச நேரம் வருவன். ஒருத்தரும் என்னக் கேக்கிறல்ல." அவர் பேசும்போது மட்டும் மற்றவர்கள் குறுக்கே விழவில்லை. சீனித்தம்பி தரையைப் பார்த்தார். அதை நான் கவனித்தேன்; கவனித்தும், அப்பாடா, ஒருவராவது நன்றாக இருக்கிறார் என்று எழுதி முடித்தேன்.

புதன்கிழமை விடுதியில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டோம். கடை வாசலில் கேட்ட எல்லோரும் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள், நாகமணி தவிர. தாளின் கணக்குப்படி அவர்தான் அந்த ஊரிலேயே தனிமையற்ற ஒரே மனிதர்.

விஜிதா தாள்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "சீனித்தம்பி மாமாக்குத் தனிமையா? அந்த மனிசன் வீட்ட பதினோரு பேர் அக்கா!" பிறகு கடைசித் தாளை எடுத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்கட பக்கத்தில வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான்," என்றாள். "கலியாணம் முடிச்சா ஆம்புள பொஞ்சாதி வீட்ட வந்து இரிப்பாரு. மறுகா அந்த வீட்ட மகளுக்குச் சீதனமாக் குடுத்திருவாங்க. ஆம்புளைக்கு ஒருநாளும் சொந்த வீடில்ல. அதில அவருக்கு ஒரு கவலையுமில்ல. என்ட வீடெண்டு ஒரு ஆம்புள சொல்லுறாரெண்டா…" முடிக்காமல் தாளை மேசையில் வைத்தாள்.

எனக்கு முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. காத்தான்குடி அம்மா பஸ்ஸில் என் மடியில் பொதியை வைத்துக்கொண்டு சொன்னதும் இதைத்தான். இன்னொரு விஷயமும் சுட்டது. உலகத்து உளவியல் முடிவுகளில் பெரும்பங்கு பணக்கார நாடுகளின் கல்லூரி மாணவர்களை வைத்து எடுத்தவை. மனித மனம் என்று எழுதிவைத்ததெல்லாம் பல இடங்களில் அவர்களுடைய மனம்தான் என்று எங்கள் துறையே இப்போது ஒத்துக்கொள்கிறது. வருடா வருடம் இதற்காக ஒரு வகுப்பு முழுக்க வெள்ளைக்காரர்களைத் திட்டுகிறேன். அவர்களாவது கடல் தாண்டித் தப்பு செய்தார்கள். நான் ஒரே மொழி பேசிக்கொண்டு, மதுரைப் பெண்ணின் மனத்தாங்கலைப் பழுகாமத்து ஆணின் தலையில் கட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகம், என் மேலேதான்.

"நாளைக்கு வெல்லாவெளி போகணும்னு இருக்கு. அதை விட்டுட்டு நாகமணி ஐயா வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"பொம்புள இல்லாத வீடு அக்கா. ஆக்கள் போறல்ல," என்றாள் விஜிதா. "சரி, உள்ளுக்குப் போகாம வளவுக்க இரிப்பம்."

வியாழக்கிழமை போனபோது நாகமணி வாசலில் தென்னோலைக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே ஓடி, உட்கார மூன்று கதிரைகளைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார். பிளேன்ரீ என்கிற பால் விடாத தேநீர் வந்தது. சீனி மூன்று பேருக்கானது ஒரு கோப்பையில் இருந்தது. எவ்வளவு போடுவது என்று அவருக்குக் கைப்பழக்கம் இல்லை போலும். முழுதும் குடித்தேன்.

வீட்டு உறுதியைக் கேட்காமலே எடுத்து வந்து காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. மனைவி இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகம் பழுதாகிப் போய்விட்டார். ஒரே மகள், கனடாவில் கலியாணம் முடித்திருக்கிறாள். இந்த வீடு அவளுக்குக் கொடுத்த சீதனம்.

"இனி இஞ்ச வரமாட்டன் அப்பா, நீங்களே வச்சிக்கங்க எண்டு என்ட பேருக்கு எழுதித் தந்திட்டா," என்றார். "எங்கட ஊர்ல மகள்ட கையால வீடு வாங்கின ஒரே ஆள் நான்தான்."

பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பெருமையைக் கேட்க என்னால் முடியவில்லை.

உள்ளே பார்த்தேன். பாய் விரித்த தடமே இல்லை. எங்கே படுப்பீர்கள் என்று கேட்டேன்.

"வட்டையில."

வட்டை என்றால் வயல் வெளி. அங்கே யானைக்குக் காவல் இருக்க ஆண்கள் வாடி என்று ஒரு குடிசை போட்டுத் தங்குவார்களாம். ஆனால் வரும் வழியில் நான் பார்த்த வயல்களில் எல்லாம் அறுவடை முடிந்து அறுத்த நெல்லின் அடித்தாள்தான் நின்றது.

"வெட்டி முடிஞ்சிதே மாமா. இனி என்ன காவல்?" என்று விஜிதா கேட்டாள்.

"யானை வந்தா வெடி கொளுத்தலாம், கத்தலாம்," என்றார் நாகமணி. "வீட்ட ஆரோட கத்துற?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு என்று உளவியல் சொல்கிறது. பதினோரு பேர் உள்ள வீட்டிலும் தனிமை இருக்கலாம், ஒற்றை ஆளாக நிம்மதியாகவும் இருக்கலாம். நீண்ட நாள் தனிமை மனத்தோடு நிற்காமல் உடம்பையும் பிடிக்கிறது என்பதும் இப்போது பல ஆய்வுகள் காட்டும் செய்தி. இதையெல்லாம் பலகையில் எழுதியிருக்கிறேன். யானையைத் துணைக்கு வைத்துக்கொண்ட மனிதரின் எதிரே உட்கார்ந்ததில்லை. இந்த மனிதர் பட்டியலில் இல்லாமல் நான் ஊர் திரும்பப் போவதில்லை என்று அந்தக் கதிரையிலேயே முடிவு செய்தேன்.

திரும்பும்போது படகில் நின்றபடி பதினேழாம் கேள்வியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். 'சொன்ன நேரத்துக்கு நீங்கள் வராவிட்டால், முதலில் தேடப்போகிறவர் யார்?' எண் வேண்டாம், பக்கத்தில் பெயர் எழுத ஒரு கட்டம் போதும். பெயர் இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு முதலிடம்.

வெள்ளிக்கிழமை காலை பொறுப்பாளர் அம்மையாரிடம் போய், நாகமணியைப் பற்றிச் சொல்லிப் புதுக் கேள்வியைக் காட்டினேன். நல்லவர், ஆனால் களைத்துப்போனவர். "தாளை மேலிடம் ஏற்றுக்கொண்டுவிட்டது மிஸ். சொல்லுகளத் திருத்தலாம், கேள்விய இப்ப மாத்த ஏலாது" என்றார்.

"அப்படின்னா அதுல என் பேரை அடிச்சிடுங்க" என்றேன். "தப்பான தராசை நான் கடைக்குக் கொடுக்க மாட்டேன்."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. அவர் மணியைப் பார்த்தார். "ஒருத்தர வச்சிக் கதைக்காதீங்க. அதே ஆக்களிட்ட புதுக் கேள்விய கேட்டு மூணு மணிக்கு முதல் அனுப்புங்க. பாப்பம்."

பத்தரை மணி. துறைக்குப் போனால் காற்று அதிகம், பாதை ஓடாது என்று கட்டிவைத்திருந்தார்கள். பாலத்தால் சுற்றிப் போக விஜிதா ஸ்கூட்டரைத் திருப்பினாள். சரிசெய்து வந்த ஸ்கூட்டர் பாலம் தாண்டியதும் பின்சக்கரத்தில் காற்றைவிட்டுப் படுத்துக்கொண்டது. உருட்டிக்கொண்டு நடந்தோம். என் செருப்பு வார் அறுந்தது. மதுரையாக இருந்தால் இத்தனை நேரத்துக்கு நாலு ஆட்டோ வந்து நாலு விலை சொல்லியிருக்கும். இங்கே வெயிலும் கொக்கும்தான். அரை மணி கழித்து நெல்மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் ஒன்று நின்றது. இரண்டு சக்கர உழவு இயந்திரம், பின்னால் பெட்டி. உதவி கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று நாம் பயப்படும் அளவுக்கு மனிதர்கள் மறுப்பதில்லை என்பதும் ஒரு ஆய்வு முடிவுதான். ஓட்டியவர் நாங்கள் கேட்கவே விடவில்லை. "ஏறுங்ககா" என்று சொல்லி, ஸ்கூட்டரையும் தூக்கி மூட்டை மேல் வைத்தார். பல்லெல்லாம் ஆடிப் போகும்படி பழுகாமம் போய் இறங்கினோம்.

கடை வாசலில் அதே ஆட்கள். புதுக் கேள்வியைக் கேட்டேன். சீனித்தம்பி யோசிக்கவே இல்லை. "வேறார்? பொஞ்சாதிதான். தேடவும் மாட்டா, ஏசத்தான் செய்வா." அடுத்தவருக்கு மகள். இன்னொருவருக்கு மருமகன், "எனக்கு முதல் அவன்தான் வாசல்ல நிப்பான்" என்றார். கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. கேள்வி அவர்களுக்குக் கேள்வியாகவே படவில்லை.

நாகமணி அங்கே இல்லை. அவர் வளவுக்குப் போனபோது மணி இரண்டு தாண்டியிருந்தது. சைக்கிளில் ஒரு சாப்பாட்டுப் பொதியையும் டோர்ச்சையும் கட்டி, வட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்வி என்றேன். சைக்கிளைப் பிடித்தபடியே கேட்டார். படலைக் கதவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கைவிரல்களை ஒன்றொன்றாக மடக்கினார். இரண்டாவது விரலோடு நின்றுவிட்டது.

"இண்டைக்கெண்டா நீங்க தேடி வந்திரிக்கிங்க," என்றார். "நாளைக்கு நீங்க ஊருக்குப் போயிருவீங்கதானே."

அவருடைய கட்டத்தை வெறுமையாக விட்டு எல்லாத் தாள்களையும் படம் பிடித்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'கேள்வியை மாற்றுங்கள். அவரைப் பட்டியலில் முதலாவதாகப் போடுங்கள். வருகைகள் அடுத்த மாதம் தொடங்கும்.'

ஜெயித்துவிட்டேன். அந்த நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். படித்துக் காட்டினேன். நாகமணி மரியாதையாகத் தலையாட்டினார். "அடுத்த மாசம்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சைக்கிளை நகர்த்தினார்.

விஜிதா அவர் முன்னால் போய் ஹேண்டிலைப் பிடித்தாள். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, தாளைச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, வெறுமையாக இருந்த கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.

"ஆம்புளையள் சும்மா நினைச்ச நேரம் போகேலா மாமா," என்றாள். "எத்தினை மணிக்கு வீட்ட வாறீங்க எண்டு சொல்லிட்டுப் போங்க."

அவர் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். சாப்பாட்டுப் பொதியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து முற்றத்துக் கதிரையில் வைத்தார்.

"ஆறு மணிக்குள்ள வந்திருவன்," என்றார் நாகமணி. வாசல்வரை போய்த் திரும்பினார். "கொஞ்சம் பிந்தினாலும் ஏசப்படா."

"ஏசுவன்," என்றாள் விஜிதா.